பிரபு சும்மா இருந்த பதினோரு வருடங்கள்

பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் இங்கிலாந்துப் பிரபு என்னென்ன பதவி வகித்தார் என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் மூச்சு விடாமல் ஒப்புவிப்பேன். அரச வனங்களின் காவலர். தன் மாவட்டத்தில் அரசரின் பிரதிநிதி. துறைமுகக் கோட்டை ஒன்றின் ஆளுநர். பிற்காலத்தில் அரண்மனை நிர்வாகத் தலைவர், கோமறைக் கழக உறுப்பினர். எங்கள் ஊர்க் காணி வழக்குகள் ஒரு காலத்தில் கடல் கடந்து போய்ச் சேர்ந்த அதே கோமறைக் கழகம், பிரிவி கவுன்சில்தான். என் பூட்டனின் பெயர் எனக்குத் தெரியாது. இந்தப் பிரபுவின் மாமனார் பெயர்வரை தெரியும். காரணம், அவருடைய வாழ்க்கை வரலாறு முழுவதையும் நான் டைப் அடித்தேன். அதுவும் இரண்டு முறை.

எண்பத்தாறாம் ஆண்டு. ஷார்ஜாவில் ஒரு கட்டடக் கம்பனியின் அலுவலகத்தில் வேலை. யாழ்ப்பாணக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த நான், அரசாங்க உத்தியோகத்தை உதறிவிட்டு வந்து ஏழு வருடமாக அங்கே மனேஜருக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை, பிறகு நாலிலிருந்து ஏழு வரை டியூட்டி. என் ரூம் அஜ்மானில். வாடகை குறைவு என்பதற்காக எல்லோரும் அங்கேதான் இருந்தோம். நடுவில் கிடைக்கும் மூன்று மணி நேரத்துக்கு அந்த வெயிலில் பஸ் ஏறி அஜ்மான் போய் வருவது பைத்தியக்காரத்தனம். ஆகவே நான் அலுவலகத்திலேயே இருந்து, கொண்டுபோன சோற்றைத் தின்றுவிட்டு மேசையில் தலை வைத்துக் கொஞ்சம் கண்ணயருவேன்.

அந்தக் கண்ணயர்வைத்தான் எங்கள் மனேஜர் கண்டுபிடித்தார். அவர் வெள்ளைக்காரர். நாங்கள் அவரைத் துரை என்போம். அவர் முகத்துக்கு நேரே 'சேர்'. பிரபு பிறந்த அதே மாவட்டத்தில் பிறந்தவர். ஓய்வுபெற்று ஊருக்குப் போகுமுன் பிரபுவின் வரலாற்றை எழுதி முடித்து, ஊர்ச் சரித்திரச் சங்கத்தின் மூலம் அச்சிட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருடைய கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி. அதை வாசிக்க முடிந்த ஒரே ஆள் நான். அப்புறம் கேட்பானேன், மத்தியானச் சோறு தொண்டைக்குள் இறங்குமுன் பிரபு மேசைக்கு வந்துவிடுவார்.

புத்தகத்தில் துரைக்கு உயிரான அத்தியாயம் ஒன்று இருந்தது. அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை வந்து, கடைசியில் அரசரின் தலையை வெட்டிவிட்டார்கள். புது ஆட்சிக்காரர்கள் பிரபுவிடம் வந்து, எங்களுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று கையெழுத்துப் போடு, உன் பதவிகள் எல்லாம் உன்னிடமே இருக்கட்டும் என்றார்கள். பிரபு மாட்டேன் என்றார். பதவிகளைப் பறித்து, லண்டன் கோட்டைச் சிறையில் இரண்டு வருடம் போட்டார்கள். வெளியே வந்தவர் தன் கிராமத்து மாளிகையில் ஒன்பது வருடம் ஒரு பதவியும் இல்லாமல் இருந்தார். பிறகு வெட்டுப்பட்ட அரசரின் மகன் திரும்பி வந்து முடி சூடியதும், பறித்த பதவிகளைத் திருப்பிக் கொடுத்து, மேலும் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தார்.

"பதவியில் இருக்க யாராலும் முடியும்," என்பார் துரை. "பதவி இல்லாமல் பதினோரு வருடம் இருந்தாரே, அதுதான் மனிதன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன். உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும். அவருக்கு வில்லா இருக்கிறது, கார் இருக்கிறது, போய்ச் சேர ஒரு நாடும் இருக்கிறது. எங்கள் பாஸ்போர்ட்டில் விசாவோடு சேர்த்து வேலையையும் குத்தியிருந்தார்கள். வேலை போனால் விசா போகும். விசா போனால் கலாஸ், ஆள் விமானம் ஏற வேண்டியதுதான். பிரபுவின் பதவி அரசரின் விருப்பம் உள்ளவரை. எங்களுடையது கபீலின், அதாவது எங்களுக்கு விசா கொடுத்த அரபு முதலாளியின், விருப்பம் உள்ளவரை. பிரபுவுக்காவது போய் இருக்க மாளிகை இருந்தது.

இங்கே என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் நான் பயோடேட்டா அடித்துக் கொடுப்பேன். கம்பனியின் தொழிலாளர் கேம்பில் இருந்தவர்கள் தம்பிக்கு, மச்சானுக்கு, சித்தப்பா மகனுக்கு என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள். அதில் எனக்கு ஒரே ஒரு சட்டம்: நடுவில் இடைவெளி இருக்கக் கூடாது. பயோடேட்டாவைப் பார்க்கிற அதிகாரி எதையும் வாசிப்பதில்லை, வருடங்களை மட்டும் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போவான். இடைவெளி வருகிற இடத்தில்தான் நிற்பான். நின்றால் கேள்வி வரும், கேள்வி வந்தால் விசா வராது. அதனால் முந்திய வேலையின் வாலை இழுத்து, அடுத்த வேலையின் தலையோடு ஒட்டிவிடுவேன்.

என் ரூமில் இருந்த சிவகங்கைக்காரத் தச்சன் ஒருவனுக்கு, விசா புதுப்பிக்கவென்று முதன்முதலில் அடித்துக் கொடுத்தபோது அவன் பதறிப்போனான்.

"அண்ணே, இந்த மூணு வருஷம் நான் எந்த மேஸ்திரிகிட்டயும் இல்லண்ணே. ஊர்ல சும்மாதாண்ணே இருந்தேன்."

"சும்மா இருந்தவனுக்கு ஆர் விசா தாறது?"

"அதுவும் சரிதான். ஆடு மேச்சதையும் கெணத்துல தூரு வாருனதையும் எழுதவா முடியும்?" என்று சிரித்தான். பிறகு ஆளுக்கு ஆள் சொல்லி என் மேசைக்குக் கூட்டம் சேர்த்தவன் அவன்தான். எனக்கும் அதில் பெருமை இருந்தது, மறைப்பானேன். நான் அடித்துக் கொடுத்தவர்களில் ஒருவரையும் இடைவெளிக்காக எந்த அதிகாரியும் திருப்பி அனுப்பியதில்லை.

எண்பத்தாறு எங்களுக்கு நல்ல வருடம் அல்ல. எண்ணெய் விலை விழுந்து, கம்பனிகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில்தான் எனக்கு என் தம்பியை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

தம்பி கட்டட வரைபடம் கீறுகிறவன், டிராஃப்ட்ஸ்மன். யாழ்ப்பாணத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தவனை இராணுவத்தின் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். தெற்கே ஒரு முகாமில் இருபத்திரண்டு மாதம் வைத்திருந்தார்கள். வழக்கு இல்லை, குற்றச்சாட்டு இல்லை. ஒருநாள் திடீரென்று விட்டார்கள். ஊருக்குப் போனால் மறுபடி பிடிப்பார்கள் என்ற பயத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தான். அங்கேயும் இரண்டு முறை பொலிஸ் வந்து அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. மூன்றாம் முறை பார்த்துவிட்டுப் போக மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

எங்கள் அலுவலக டிராஃப்ட்ஸ்மன் அந்த மாத முடிவில் வேலையை விட்டு ஊருக்குப் போவதாக இருந்தார். அந்த இடத்தை மாதம் முடியுமுன் நிரப்பினால் உண்டு, இல்லையென்றால் அந்த வேலையையே எடுத்துவிடுவோம் என்று தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது. நான் துரையிடம் தம்பியைப் பற்றிச் சொன்னேன். "பயோடேட்டா கொடுங்கள், பார்க்கலாம்," என்றார்.

அடித்தேன். இருபத்திரண்டு மாதத்தையும் வழக்கம்போல் மூடினேன். யாழ்ப்பாணத்து அலுவலகத்தில் போன மாதம்வரை இடைவிடாமல் வேலை செய்ததாக எழுதினேன். ஒரு பிரதியைத் தம்பிக்கும் அனுப்பினேன், யாராவது கேட்டால் முன்னுக்குப் பின் முரணாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் அவன் பதில் கொடுத்து அனுப்பியிருந்தான். நாலே வரி.

"அண்ணை, பயோடேட்டா பார்த்தன். அந்த ரெண்டு வருசத்தைப் பற்றி இப்பிடியும் எழுத வேண்டாம், வேறை மாதிரியும் எழுத வேண்டாம். ஒண்டும் எழுதாதேங்கோ. அந்த இடத்தை அப்பிடியே விடுங்கோ."

பயத்தில் புலம்புகிறான் என்று நினைத்தேன். இந்த நாட்டு நடைமுறை அவனுக்கு என்ன தெரியும் என்ற எண்ணம் எனக்கு. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, விசாவுக்கான கம்பனிக் கடிதத்தையும் பயோடேட்டாவையும் துரையின் கையெழுத்துக் கோப்பில் வைத்தேன்.

அந்தக் கோப்பு தினமும் காலையில் உள்ளே போகும், மாலையில் வெளியே வரும். மற்றக் கடிதங்கள் எல்லாம் கையெழுத்தோடு வரும். தம்பியுடையது மட்டும் வெள்ளையாக வரும். மறுநாள் அதை மேலே வைப்பேன். அன்றைக்கும் வெள்ளையாகவே வரும். துரை மறுக்கவில்லை, மறந்திருந்தார். பிரபுவின் புத்தகத்தைச் சரித்திரச் சங்கத்துக்கு அனுப்பியிருந்தார், பதில் வருகிறவரை அவருக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. நினைவுபடுத்தினால் கோபம் வருமோ என்று பயந்து நானும் வாயைத் திறக்கவில்லை. மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. பிறகு எட்டானது, ஏழானது. ரூமில் யார் கதவைத் தட்டினாலும் கொழும்பிலிருந்து செய்தியோ என்று எழுந்து ஓடினேன்.

ஆறு நாள் மீதம் இருந்தபோது சங்கத்தின் பதில் வந்தது.

மத்தியானம் ஒன்றரை இருக்கும். அலுவலகத்தில் நாங்கள் இருவர்தான். துரை என்னைக் கூப்பிட்ட குரலிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. உள்ளே போனேன். உட்காரச் சொல்லவில்லை. மேசையில் ஒரு காகிதத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். புத்தகத்தின் பின்னிணைப்பு, பிரபு வகித்த பதவிகளின் அட்டவணை. இடது பக்கம் பதவி, வலது பக்கம் வருடங்கள். நான் அடித்ததுதான்.

"வாசியுங்கள்," என்றார்.

வாசித்தேன். வனக் காவலர், மாவட்டப் பிரதிநிதி, கோட்டை ஆளுநர். மூன்று பதவிகளும் அரசரின் தலை வெட்டுப்பட்ட வருடத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மூன்றும் பதினோரு வருடம் நீண்டு, புது அரசர் முடி சூடிய வருடத்தில், அடுத்த பதவிகளின் தலையோடு அழகாக ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்தை அடித்த மத்தியானம் எனக்கு நினைவிருந்தது. அன்றைக்குத்தான் வெள்ளவத்தைக்கு இரண்டாம் முறை பொலிஸ் வந்துபோன செய்தி கிடைத்திருந்தது. மனம் அங்கே இருக்க, விரல்கள் பழக்கத்தில் வேலை செய்திருக்கின்றன. பிரபுவுக்கும் பயோடேட்டா அடித்துக் கொடுத்துவிட்டேன்.

"இதன்படி," என்றார் துரை, "தன் அரசரின் தலையை வெட்டியவர்களுக்குக் கீழே அவர் பதினோரு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறார். சங்கத் தலைவர் கேட்டு எழுதியிருக்கிறார், புதிதாக ஏதாவது ஆதாரம் கண்டுபிடித்தீர்களா என்று. கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்களாம்." அவர் கழுத்து சிவந்திருந்தது. அத்தியாயங்களை எல்லாம் வரிவரியாகத் திருத்தியவர், இந்த ஒரு பக்கத்தைப் பார்க்காமல் அனுப்பிவிட்டார். அந்த எரிச்சலும் என் தலையில்தான் விடிந்தது.

"டைப்பிங் பிழை, சேர்."

"பிழை என்றால் ஓர் எழுத்து மாறும், ஓர் இலக்கம் மாறும். இங்கே மூன்று வரி ஒரே அளவாக நீண்டிருக்கிறது. பழகிய கை செய்த வேலை இது."

பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். பயோடேட்டா அடிக்கிற பழக்கம், இடைவெளி இருந்தால் விசா வராது என்ற பயம், வாலையும் தலையையும் ஒட்டுகிற கதை எல்லாம் சொன்னேன். யாருக்கெல்லாம் அடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. துரை கேட்கவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாகக் கையை நீட்டிக் கையெழுத்துக் கோப்பை எடுத்தார்.

இத்தனை நாளும் அவர் அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருந்தவன், அந்த நிமிடம் திறக்காமல் இருக்க வேண்டும் என்று முருகனைக் கூப்பிட்டேன். திறந்தார். தம்பியின் பயோடேட்டாவை எடுத்து, அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்தார். விரலை வருடங்களின் மேல் வைத்துக் கீழே இறக்கினார்.

"உங்கள் தம்பி படிப்பு முடித்த நாளிலிருந்து போன மாதம்வரை ஒரு நாள்கூடச் சும்மா இருக்கவில்லை."

நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதையும் நீங்கள்தான் அடித்தீர்கள்."

"ஓம், சேர்."

"எங்கே ஒட்டினீர்கள்?"

சிறை என்ற சொல்லை அந்த அலுவலகத்தில் யாரும் உச்சரித்ததில்லை. உச்சரித்தால் தம்பிக்கு மட்டுமல்ல, எனக்கும் விசா போகலாம். சொல்லாவிட்டால் அந்தக் கடிதம் கையெழுத்தாகாது என்பதும் அவர் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது. அந்த வரியில் விரலை வைத்தேன். சொன்னேன். சுற்றிவளைப்பு, முகாம், இருபத்திரண்டு மாதம், வழக்கில்லாமல் விட்டது.

துரை நாற்காலியில் சாய்ந்தார். அவர் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்திருந்தது.

"அவனிடமிருந்து அவர்களுக்கு என்ன வேண்டியிருந்தது?"

"பேர், சேர். பிடிபட்ட எல்லோரிடமும் கேட்பது கூடப் படித்தவர்களின் பேர்தான்."

"கொடுத்தானா?"

"இல்லை, சேர்."

யோசிக்காமல் சொன்னேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து அத்தனை சுலபமாக வந்தது.

துரை கொஞ்ச நேரம் இரண்டு காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டையும் என்னிடம் நீட்டினார். "இரண்டையும் திரும்ப அடியுங்கள். இடைவெளியோடு. நாலு மணிக்குள் எனக்கு வேண்டும்."

அட்டவணையைப் பத்து நிமிடத்தில் முடித்தேன். தம்பியுடையதுதான் லேசில் வரவில்லை. இரண்டு தாள் பாழாயின. மூன்றாம் தாளில், இரண்டு திகதிகளைப் போட்டு, 'குற்றச்சாட்டின்றித் தடுத்து வைக்கப்பட்டார். குற்றச்சாட்டின்றி விடுவிக்கப்பட்டார்' என்று அடித்தேன். என் ஏழு வருட அனுபவத்தில் அப்படி ஒரு வரியை நான் அடித்ததில்லை. என் தம்பியை என் கையாலேயே காட்டிக் கொடுப்பதுபோல் இருந்தது. துரை வாசித்தார், பேனாவை எடுத்தார், கம்பனிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை, கம்பனியின் விசா வேலைகளைப் பார்க்கும் சூடானியர் வந்து காகிதங்களை வாங்கினார். கடிதத்தை எடுத்துக்கொண்டு பயோடேட்டாவை என் மேசையிலேயே போட்டார். "யே மாஃபி லாசிம், பாய்," என்றார். அது தேவையே இல்லையாம். ஒருபோதும் தேவைப்பட்டதில்லையாம். அதுவரை நான் அடித்துக் கொடுத்தவையும் அவர் மேசையோடு நின்றுபோனவைதான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

விசா வந்தது. கொழும்பு விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் அதன் பிறகு. விமானம் வருகிற நாளில் அரை நாள் லீவு போட்டு, துபாய் விமான நிலையத்தின் கம்பித் தடுப்பில் வயிறு அழுந்த நின்றேன். எல்லோரும் வெளியே வந்தார்கள். குடும்பங்கள் வந்தன, வேலைக்கு வரும் பெண்கள் கூட்டமாக வந்தார்கள், பிறகு யாரும் வரவில்லை. முடிந்தது என்று நினைத்தபோது தம்பி வந்தான். கையில் ஒரு சின்னப் பை. நான் கடைசியாகப் பார்த்தபோது இருந்ததில் பாதி உடம்பு. கட்டிப்பிடித்து அழுதேன். அவன் அழவில்லை.

வேலையில் சேர்ந்த முதல் நாளே துரை தன் அறையிலிருந்து எழுந்து வந்து அவனுக்குக் கை கொடுத்தார். அவர் அப்படி எழுந்து வந்து யாருக்கும் கை கொடுத்து நான் பார்த்ததில்லை. தம்பியையும் என்னையும் உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் வரவழைத்து, பிரபுவின் கதையைச் சொன்னார். சிறை, கையெழுத்துப் போட மறுத்தது, பதினோரு வருடம். "நீங்களும் பிரபுவும் சந்தித்திருந்தால் ஒருவரையொருவர் புரிந்துகொண்டிருப்பீர்கள்," என்றார். தம்பிக்கு அந்த அளவு இங்கிலீஷ் விளங்கும். அவன் துரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

அன்றைக்குப் பின்னேரம் பஸ்ஸில் அஜ்மான் வந்து இறங்கினோம். தம்பி ரூமுக்குத் திரும்பாமல் கடற்கரைப் பக்கம் நடந்தான். நான் பின்னால் போனேன்.

"அண்ணை, நீங்கள் அந்த மனிசனிட்டை என்ன சொன்னனீங்கள்?"

"உண்மையைத்தான் சொன்னனான். நீ உள்ளுக்கை இருந்தனீ எண்டு."

"நான் பேர் குடுக்கேல்லை எண்டும் சொன்னனீங்களோ?"

"ஓம்."

"அது உங்களுக்கு ஆர் சொன்னது?"

நின்றுவிட்டேன். யாரும் சொல்லவில்லை. அவன் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அவன் விடுதலையான பிறகு எழுதிய கடிதங்களிலும், ஒலிநாடாவில் பேசி அனுப்பியதிலும் அந்த இருபத்திரண்டு மாதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இல்லாத இடத்தில் நானாக ஒன்றைப் போட்டு மூடியிருக்கிறேன்.

"ஒரு பேர் குடுத்தனான்," என்றான் தம்பி. குரலில் அசைவில்லை. "பத்தொன்பதாம் மாசம். தாங்கேலாமல் போச்சு. என்னோடை படிச்சவன், அவன் கடல் தாண்டிப் போட்டான் எண்டு ஆரோ சொன்னவை. போனவன்ரை பேர்தானே, குடுத்தால் என்ன எண்டு குடுத்தன். அவன் போகேல்லை, அண்ணை. ஊரிலைதான் இருந்திருக்கிறான். மூண்டு மாசம் கழிச்சு என்னை விட்டாங்கள். அவனை இன்னும் விடேல்லை."

அலை வந்து எங்கள் செருப்பை நனைத்தது. அவன் நகரவில்லை.

"அதுதான் எழுதினனான், ஒண்டும் எழுதாதேங்கோ எண்டு. நீங்கள் முதல் அந்த இடத்திலை வேலை எண்டு போட்டியள். பிறகு வீரன் எண்டு போட்டியள்."

அவன் தோளில் கை வைக்க வேண்டும் என்று இருந்தது. வைக்கத் துணிவு வரவில்லை. துரையிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "சொன்னால் வைச்சிருப்பாரோ?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் அச்சகத்துக்கு அனுப்ப, புத்தகத்தை முதலிலிருந்து சுத்தப் பிரதியாக அடிக்கச் சொன்னார் துரை. துரைக்கு உயிரான அந்த அத்தியாயம் வந்தது. முதல் முறை நான் கவனிக்காமலே அடித்துப் போன ஒரு வரியில் விரல்கள் நின்றன. 'அவரிடமிருந்து எதையும் பெற முடியாது என்று கண்டு, இரண்டு வருடத்தின் பின் அவரை விடுவித்தார்கள்.'

கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"சேர், இந்த வரிக்கு ஏதாவது காகிதம் இருக்கிறதா?"

துரை மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "இல்லை. அந்த இரண்டு வருடத்துக்கு ஒரு துண்டுக் காகிதமும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று நமக்குத் தெரியுமே."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். எதையும் கொடுக்காதவனை யார் விடுகிறார்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டிருந்தால் அவர் பிரபுவை விட்டுவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டிராஃப்டிங் அறையில் இருப்பவனைத் திரும்பிப் பார்த்திருப்பார். அந்த வரியை அவர் எழுதியிருந்தபடியே அடித்தேன்.

நிமிர்ந்தபோது துரை தன் அறையிலிருந்து வெளியே வந்து டிராஃப்டிங் அறைக்குள் போவது தெரிந்தது. சாய்வுப் பலகையில் குனிந்து தம்பி கோடு கீறிக்கொண்டிருந்தான். துரை பின்னால் போய் நின்று, அவன் தோளில் கை வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தார். தம்பியின் பேனா நின்றது. துரை கையை எடுக்கும்வரை அது தாளைத் தொடவில்லை.